துக்கம் என்று நாங்கள் பெயர் வைத்த நோய்: தைராய்டு குறைவு மனச்சோர்வாகத் தோன்றிய ஒரு நிகழ்வின் ஆய்வு

இந்த ஆய்வில் வரும் நோயாளி என் பெரியம்மா. கும்பகோணத்திற்கு அருகே ஒரு சிற்றூரில் மகன், மருமகளோடு வசிக்கிறார். தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நோய் கண்டறியப்பட்டபோது அவருக்கு வயது 63. நான் மதுரையில் பொது மருத்துவனாக இருக்கிறேன். அவருடைய முழுச் சம்மதத்தோடும், எழுதி முடித்த பிரதியை அவரே வாசித்துத் திருத்திய பிறகும் இதை வெளியிடுகிறேன். நோயைக் கண்டுபிடித்தவன் என்ற இடத்தில் மட்டும் என்னை நிறுத்திக்கொண்டு இதை எழுதினால் அது பொய்யாகிவிடும். பதினான்கு மாத காலம் வாரந்தோறும் அவர் குரலைத் தொலைபேசியில் கேட்டும், இரண்டு முறை நேரில் பார்த்தும், நோயைக் கவனிக்கத் தவறியவர்களில் முதல் ஆள் நான்தான்.

பெரியப்பா 2022ஆம் ஆண்டு மாசி மாதத்தில் திடீர் மாரடைப்பால் இறந்தார். முப்பத்தெட்டு ஆண்டுத் தாம்பத்தியம். அதன் பிறகு பெரியம்மா மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தார், வெளியே போவதை நிறுத்தினார், காலையில் எழுந்திருக்கச் சிரமப்பட்டார், கோயிலுக்கு அழைத்தால் "அப்புறம் பாப்போம்" என்றார். ஒரு நாளைக்கு பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் தூங்கினார். நாளிதழை வரிக்கு வரி வாசித்தவர், கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தையே பார்த்தபடி இருந்தார். வீட்டுக்கு யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவார். இவை எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. கணவரை இழந்தவர் இப்படித்தானே இருப்பார்? காரணம் கண்ணெதிரே இருந்தபடியால் இன்னொரு காரணத்தை யாரும் தேடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேசும்போது அவர் குரல் கனத்து, கரகரத்து, சொற்களுக்கு இடையே இடைவெளி விட்டு வந்தது. "எழுந்திருக்கணும்னு நினைக்கிறேன் தம்பி, உடம்பு வரமாட்டேங்குது" என்று ஒருமுறை சொன்னார். மனச்சோர்வில் இருப்பவர்கள் பெரும்பாலும் "மனசே சரியில்ல" என்பார்கள், "எதுலயும் பிடிப்பு இல்ல" என்பார்கள். பெரியம்மாவோ விருப்பம் இருக்கிறது, உடம்புதான் வரவில்லை என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். அந்த வாக்கியத்தைக் கேட்டபோது நான் செய்ததெல்லாம், "நேரம் எடுக்கும் பெரியம்மா, போகப் போகச் சரியாகிடும்" என்று ஆறுதல் சொன்னதுதான்.

2022 ஜூலையில் அண்ணன் அவரை அருகிலுள்ள நகரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். "அப்பா போனதிலிருந்து இப்படி இருக்காங்க" என்பதுதான் அங்கே சொல்லப்பட்ட வரலாறு. அந்த ஒரு வரியைக் கேட்ட எந்த மருத்துவருக்கும் துக்கத்தைத் தொடர்ந்த மனச்சோர்வு என்ற முடிவுதான் முதலில் தோன்றும். இரத்தப் பரிசோதனை எதுவும் எழுதப்படவில்லை. மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலின் 50 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு மாதத்தில் 100 ஆனது. மருந்துச்சீட்டின் படத்தை அண்ணன் எனக்கு அனுப்பினார். சரியான மருந்துதான், தொடருங்கள் என்று நானே பதில் எழுதினேன். மாத்திரையால் எந்த மாற்றமும் வரவில்லை.

மார்கழியில் நிலைமை வேறு திசையில் திரும்பியது. மருமகள் வைத்த ரசத்தில் ஏதோ கலந்திருக்கிறது என்று பெரியம்மா சொல்லத் தொடங்கினார். முதலில் ரசத்தை மட்டும் ஒதுக்கினார், பிறகு குழம்பையும், கடைசியில் அண்ணி தொட்ட எதையும் ஒதுக்கினார். தானே பிரித்த பிஸ்கட் பொட்டலமும், அண்ணன் வாங்கி வரும் இட்லியும் மட்டும் உணவாயின. அண்ணி எனக்குத் தொலைபேசியில் அழைத்தபோது பேச முடியாமல் அழுதார். "தம்பி, அத்தை என் கையால ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கறாங்க. நான் என்ன தப்பு பண்ணினேன்?" பத்து ஆண்டுகளாக அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் முறுக்கு பிழிந்தவர்கள். அந்த அழைப்புதான் பொங்கலுக்கு என்னை ஊருக்கு வரவழைத்தது.

பரிசோதனை

வாசல் திண்ணையில் வெயிலில் அமர்ந்திருந்தவரை, உறவினன் என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவனாகப் பார்த்தபோது, முகமே பாதி விடையைச் சொல்லிவிட்டது. இமைகளும் கன்னமும் உப்பியிருந்தன. புருவத்தின் வெளிப்புறம் உதிர்ந்திருந்தது. தோல் வறண்டு, மாவு பூசியதுபோல இருந்தது. உள்ளங்கை மஞ்சள் பாய்ந்திருந்தது. நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 54. சாப்பாடு குறைந்திருந்தும் எடை ஓர் ஆண்டில் எட்டுக் கிலோ கூடியிருந்தது. மலச்சிக்கலுக்கு அவராகவே திரிபலா சூரணம் சாப்பிட்டு வந்திருக்கிறார். முந்தைய சித்திரையில், விசிறி வேண்டாம் என்று மருமகளோடு சண்டை போட்டு, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு படுத்திருந்தார் என்பதையும் அன்றுதான் சொன்னார்கள். தஞ்சை மாவட்டத்துச் சித்திரையில் கம்பளிச் சட்டை!

நாற்காலியில் அவரை முழங்காலிட வைத்து, குதிகால் தசைநாணை ரிஃப்ளெக்ஸ் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். இயல்பான உடலில் பாதம் சட்டென்று கீழே இழுபட்டு, அதே வேகத்தில் மேலே திரும்பும். பெரியம்மாவின் பாதம் உடனே இழுபட்டது. திரும்பி வருவதற்கு மட்டும் யோசித்து யோசித்து வருவதுபோல நேரமெடுத்தது. தைராய்டு குறைவின் இந்த அடையாளத்தைக் கல்லூரியில் படித்திருக்கிறேன், நோயாளிகளிடம் சில முறை பார்த்தும் இருக்கிறேன். அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டு மறுபடி தட்டிக் காட்டினேன். துக்கம் ஒருவரை மந்தமாக்கலாம். தட்டிய குதிகால் திரும்புவதைத் துக்கம் தாமதப்படுத்தாது.

மறுநாள் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில், தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் 92 இருந்தது. நான்கைந்துக்குள் இருக்க வேண்டியது. தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 அளவு 0.3, குறைந்தது 0.8 ஆவது இருக்க வேண்டும். தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் மிக அதிகம். கொலஸ்ட்ரால் கூடி 284, ஹீமோகுளோபின் குறைந்து 10.2, சோடியமும் குறைந்து 131. பி12 இயல்பு. இந்தச் சோடியக் குறைவு தனியே கவனிக்க வேண்டியது. தைராய்டு குறைவும் சோடியத்தைக் குறைக்கும், வயதானவர்களிடம் செர்ட்ராலினும் குறைக்கும். குழப்பமும் மந்தமும் கூடுவதில் இரண்டுக்குமே பங்கு இருந்திருக்கலாம். நாங்கள் மனத்துக்கென்று கொடுத்த மருந்து, மூலநோய் தெரியாததால், ஒருவகையில் மனத்தை மேலும் மங்கலாக்கியிருக்கலாம் என்பதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

நோயின் பெயர் ஹஷிமோட்டோ தைராய்டு அழற்சி. உடலின் எதிர்ப்பு ஆற்றலே கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியைத் தாக்கி அழிக்கும் நோய் இது. 1912இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் நான்கு பெண்களின் சுரப்பித் திசுக்களை ஆராய்ந்து இதை முதன்முதலில் விவரித்தார். பெண்களிடையே, அதுவும் நடுவயதைத் தாண்டியவர்களிடையே, மிகப் பரவலாகக் காணப்படுவது.

பால் கணக்கு நோட்டு

இந்த நிகழ்வில் எங்கள் எல்லோருடைய கருத்தையும் மாற்றியது ஆய்வகத் தாள் அன்று. சமையலறை அலமாரியில் ஆணியில் தொங்கிய நாற்பது பக்க நோட்டு ஒன்று.

பெரியம்மா பணியில் இருந்த காலம் முதல் பால் கணக்கைத் தானே எழுதுவார். தேதி, காலை எத்தனை, மாலை எத்தனை. மாதக் கடைசியில் சிவப்பு மையில் கூட்டுத்தொகை, அதன் கீழே இரட்டைக்கோடு. வருகைப் பதிவேடு எழுதிய கை அது. நோய் எப்போது தொடங்கியது என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் "பெரியப்பா இறந்தப்புறம்" என்றுதான் சொன்னார்கள். ஏதோ தோன்றி அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். 2021 ஐப்பசி வரை எழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது. கார்த்திகையில் எழுத்துகள் பெரிதாகி, கோட்டை விட்டு இறங்கின. சில நாள்கள் விடுபட்டிருந்தன. மார்கழி மாதக் கூட்டலில் தவறு. அடித்து, மறுபடி எழுதி, அதுவும் தவறு. தை மாதத்திற்குக் கூட்டுத்தொகையே இல்லை, இரட்டைக்கோடும் இல்லை. பெரியப்பா இறந்தது அதற்கு அடுத்த மாதம்.

ஆக, நாங்கள் துக்கத்தின் மேல் பழி போட்ட நோய், துக்கத்திற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்கியிருந்தது. மரணம் நடந்த நாள் எல்லோர் மனத்திலும் ஆழப் பதிந்த நாள் என்பதால், அதற்கு முன் நடந்ததையும் அதற்குப் பின்னாலேயே நாங்கள் நினைவில் அடுக்கிவிட்டோம். நோய் வரலாறு கேட்கும்போது "எதனால்" என்ற கேள்விக்குக் குடும்பம் விரைவாகப் பதில் சொல்லும், அந்தப் பதில் பெரும்பாலும் ஒரு கதை. "எப்போதிலிருந்து" என்ற கேள்விக்கு யோசிக்க வேண்டியிருக்கும், சில நேரம் ஒரு நோட்டையோ பழைய புகைப்படத்தையோ தேட வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் அன்று நினைவுக்கு வந்தது. பத்தாம் நாள் சடங்கில் பெரியம்மாவின் மெட்டியைக் கழற்ற முயன்றபோது அது அசையவில்லை. தேங்காயெண்ணெய் தடவினார்கள், சோப்பு நுரையில் ஊறவைத்தார்கள், நூல் சுற்றி இழுத்தார்கள். அவர் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் நகை செய்யும் பத்தரை வரவழைத்துக் குறடால் வெட்டி எடுத்தார்கள். "வயசாச்சு, காலு தடிச்சுப் போச்சு" என்று கூடியிருந்த பெண்கள் சொன்னார்கள். நான் நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சடங்கே எனக்கு உடன்பாடில்லாதது என்பதால் முகத்தைத் திருப்பிக்கொண்டேனே தவிர, அந்த விரல்களின் வீக்கத்தை ஒரு மருத்துவனாகப் பார்க்கவில்லை. அந்தக் காட்சி இன்றும் என்னை உறுத்துகிறது.

உடலில் நடந்தது என்ன

தைராய்டு ஹார்மோன் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் எந்த வேகத்தில் எரிபொருளைச் செலவழிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. சுரப்பி பெரும்பாலும் டி4 என்ற வடிவத்தில் அதை வெளியிடுகிறது. மூளை அந்த டி4ஐத் தனக்குள்ளேயே செயல்படும் வடிவமான டி3 ஆக மாற்றிக்கொள்கிறது. டி4 குறையும்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்எச்சைக் கூட்டி, வேலை செய் வேலை செய் என்று தைராய்டைத் தட்டிக்கொண்டே இருக்கும். அழிந்துபோன சுரப்பியால் பதில் சொல்ல முடியாது. மூளைக்குப் போதிய ஹார்மோன் கிடைக்காதபோது சிந்தனை, நினைவு, பேச்சு, இயக்கம் எல்லாம் ஒருசேர வேகம் குறைகின்றன. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் போன்ற வேதிப்பொருள்களின் இயக்கமும் பாதிக்கப்படுகிறது. அதனால்தான் தைராய்டு குறைவு திருத்தப்படாதவரை மனச்சோர்வு மருந்துகள் பல நேரம் சரியாக வேலை செய்வதில்லை.

தோலுக்கு அடியில் இன்னொன்று நடக்கிறது. ஹார்மோன் இல்லாதபோது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒருவகைப் பிசுபிசுப்பான பொருள் திசுக்களுக்கு இடையே சேர்கிறது. கால்விரலில் சேர்ந்தால் மெட்டி கழலாது. இமையில் சேர்ந்தால் முகம் உப்பும். குரல்நாணில் சேர்ந்தால் குரல் தடித்துக் கரகரக்கும். மெட்டியும் தொலைபேசியில் நான் கேட்ட குரலும் ஒரே செய்தியைத்தான் சொல்லியிருக்கின்றன. தைராய்டு குறைவைத் தொலைபேசியிலேயே கண்டறியலாம் என்று மருத்துவ வகுப்பறைகளில் சொல்வதுண்டு. நானும் மாணவர்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன்.

ரசத்தைப் பற்றிய சந்தேகத்திற்கும் உடலில் ஒரு வேர் இருந்தது என்று நினைக்கிறேன். தைராய்டு குறைவில் நாவின் சுவையும் மூக்கின் மணமும் மங்கிப்போவதுண்டு. பல ஆண்டுகளாக நாவுக்குப் பழகிய ரசம் திடீரென வேறு ருசியில் இருக்கிறது. மந்தமான மூளை அதற்கு ஒரு விளக்கம் தேடுகிறது. சுவை மாறியது தன் நாவில் என்பது அதற்குத் தெரியாததால், மாற்றியது மருமகள் என்ற முடிவுக்கு வருகிறது. இது என் ஊகம்தான். ஆனால், தைராய்டு குறைவால் வரும் மனப்பிறழ்வில் சந்தேகமும் பிறர்மீது பழிசுமத்தலும் வருவது நீண்ட காலமாகவே பதிவாகியிருக்கும் உண்மை.

மருத்துவத்திற்கு இது பழைய பாடம். 1873இல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர், நடுவயதுப் பெண்களிடம் கண்ட ஒரு விசித்திர நிலையை விவரித்தபோது, உடல் தடித்ததோடு, சுறுசுறுப்பாகவும் எதையும் அறியும் ஆவலோடும் இருந்த மனம் சாந்தமான அக்கறையின்மைக்குள் போய்விட்டது என்பதையும் சேர்த்தே எழுதினார். 1888இல் லண்டன் கிளினிக்கல் சொசைட்டியின் குழு நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து, ஏறக்குறையப் பாதிப்பேரிடம் பொய்நம்பிக்கைகளோ மாயத்தோற்றங்களோ காணப்பட்டதாக அறிக்கை தந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1891இல், நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிமூலம் செலுத்தினார். பேச்சும் செயலும் மந்தமாகி வருவதை அந்தப் பெண்ணின் உறவினர்கள் நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பே கவனித்திருந்தனர். அறிமுகம் இல்லாதவர்களைப் பார்க்கவே அவர் தயங்கினார். சில மாதச் சிகிச்சைக்குப் பிறகு அவர் பேச்சு தெளிந்தது, நினைவு கூர்மையானது, துணையின்றித் தெருவில் தயக்கமில்லாமல் நடந்தார். 1919இல், 74 வயதில் இறக்கும்வரை அவர் அந்தச் சாற்றில்தான் வாழ்ந்தார். அதற்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன என்று மரே பின்னாளில் கணக்குச் சொன்னார். அந்நியரைப் பார்க்கத் தயங்கிய அந்தப் பெண்ணைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம், ஆள் வந்தால் உள்ளறைக்குப் போன பெரியம்மாதான் எனக்கு நினைவுக்கு வருகிறார்.

1949இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில மருத்துவர் தைராய்டு குறைவோடு மனப்பிறழ்வும் கண்ட 14 பேரைப் பற்றி எழுதினார். அவர்களில் பெரும்பாலோர் தைராய்டுச் சிகிச்சையால் தேறினர். மனநல விடுதிகளில் காரணம் தெரியாமல் கிடப்பவர்களில் இவர்களைப் போன்றோர் இருக்கக்கூடும் என்ற கவலை அந்தக் கட்டுரை முழுவதும் ஓடுகிறது. இந்தியாவில், சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட பெரியவர்களில் சுமார் 11 விழுக்காட்டினரிடம் தைராய்டு குறைவு காணப்பட்டது. இவ்வளவு பரவலான ஒரு நோய்க்கு, சில நூறு ரூபாயில் முடியும் ஒரு பரிசோதனையை, மனச்சோர்வு என்று வருகிற நடுவயதுப் பெண்ணிடம் முதல் நாளே செய்யாமலிருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். டிஎஸ்எச் சற்றே கூடியிருக்கும் எல்லோருடைய சோர்வையும் தைராய்டின் தலையில் கட்டுவதும் இதே அளவு தவறு. 2017இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், 65 வயதுக்கு மேற்பட்ட, லேசான தைராய்டு குறைவுள்ள 737 பேரில் பாதிப்பேருக்கு ஹார்மோனும் மீதிப்பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். களைப்பு முதலான அறிகுறிகளில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என்னிடமே, டிஎஸ்எச் 6.4 என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தன் துயரம் முழுவதற்கும் அந்த எண்ணே காரணம் என்று நம்பி வந்த பெண் ஒருவர் உண்டு. அவருக்குத் தேவைப்பட்டது மாத்திரை இல்லை. குடிக்கிற கணவனோடு அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிப் பேச ஒரு மனநல ஆலோசகர் தேவைப்பட்டார். உடலைப் பார்க்காமல் மனத்தைக் குற்றம் சொல்வதைப் போலவே, மனத்தைக் கேட்காமல் ஓர் எண்ணின் பின்னால் ஒளிந்துகொள்வதும் நோயாளியைக் கைவிடுவதுதான்.

சிகிச்சையும் அதன் பின்னரும்

வயதையும் மெதுவான நாடித்துடிப்பையும் கருதி, ஈசிஜி பார்த்துவிட்டு, தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சினை 25 மைக்ரோகிராமில் தொடங்கினோம். இரண்டு வாரத்தில் 50, பிறகு 75, சித்திரையில் 88. வேகமாகக் கூட்டினால் இதயம் தாங்காமல் போகலாம். இந்த ஹார்மோன் உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகும் என்பதால், ஒவ்வொரு மாற்றத்தின் பலனையும் இரத்தத்தில் பார்க்க ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும்.

நடைமுறையில் பெரிய சிக்கல் காபிதான். மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறு எதுவும் சாப்பிடக்கூடாது. காபி மருந்தை உடல் ஈர்த்துக்கொள்வதைக் குறைக்கும். விடிகாலை டிகாக்ஷன் மணத்தோடு நாளைத் தொடங்குகிற ஊரில் இதைச் சொல்வது எளிது, செய்ய வைப்பது கடினம். அண்ணிதான் வழி கண்டுபிடித்தார். படுக்கைக்குப் பக்கத்தில் இரவே ஒரு சொம்புத் தண்ணீரும் மாத்திரை ஒன்றும் வைத்துவிடுவார். நாலரை மணிக்கு விழிப்பு வரும்போது பெரியம்மா அதை விழுங்கிவிட வேண்டும். பால்காரர் வந்து பால் காய்ச்சும்போது ஒரு மணி நேரம் கடந்திருக்கும். தன் கையால் தந்த சோற்றை ஒதுக்கியவருக்கு, அதே கையால் அண்ணி தினமும் மாத்திரை எடுத்து வைத்தார். முதல் மூன்று வாரம் மாத்திரையையும் பெரியம்மா சந்தேகித்தார். புட்டியை முதலில் அண்ணன் கையில் கொடுத்து, அவர் எடுத்துத் தரும்படி ஏற்பாடு செய்தோம். இரும்புச்சத்து மாத்திரையை மதிய உணவுக்குப் பிறகு மாற்றினோம், இரண்டும் ஒன்றாகப் போனால் தைராக்சின் வீணாகும் என்பதால்.

முதலில் திரும்பியது குடல், பிறகு குரல். ஐந்தாம் வாரம் தொலைபேசியில் அவர் "யாரு, மதுரையா?" என்று கேட்டபோது அந்தக் கேள்வியின் வேகத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. ரசத்தைப் பற்றிய பேச்சு தானாகவே நின்றது. யாரும் அதை வாதிட்டு மறுக்கவில்லை. வைகாசியில் அவரே ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அப்ப ரசம் நெசமாவே கசந்துச்சு தம்பி. பொய் சொல்லல." நான் நம்புகிறேன் என்றேன். அண்ணி அப்போது அடுப்படியில் இருந்தார், கேட்டிருப்பார்.

மருத்துவனாக நான் எதிர்பார்க்காத ஒன்று மாசியில் நடந்தது. பெரியப்பாவின் முதலாண்டுத் திதி, சிகிச்சை தொடங்கி ஆறாவது வாரத்தில் வந்தது. சாவன்றும் பத்தாம் நாளும் கண்ணீரே வராமல் அமர்ந்திருந்தவர், அன்று இலை போட்டதைப் பார்த்ததும் உடைந்து அழுதார். மாலைவரை அழுதார். வீட்டில் எல்லோரும் பயந்து, நோய் திரும்பிவிட்டதா என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. ஓராண்டு முழுவதும் துக்கம் என்று நாங்கள் பார்த்தது துக்கமே இல்லை. ஹார்மோன் இல்லாத மூளையின் மரப்பு. அந்த மரப்பு விலகியபோதுதான் துக்கம் அவரை வந்தடைந்தது. அதற்கு மாத்திரை கிடையாது. மனநல மருத்துவரிடம் திரும்பப் போய், ஆய்வக முடிவுகளைக் காட்டினோம். அவர் அதைப் பெருந்தன்மையோடு ஏற்று, செர்ட்ராலினை உடனே நிறுத்தாமல் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தார். பெரியம்மாவோடு பணியாற்றிய இரண்டு ஆசிரியைகள் வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்து, பெரியப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

டிஎஸ்எச் பிப்ரவரி இறுதியில் 41, சித்திரையில் 14, ஆடியில் 3.2. எடை ஆறு கிலோ இறங்கியது. புருவம் முழுமையாக வரவில்லை. வாழ்நாள் முழுவதும் மாத்திரை தொடரும். ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்தம் பார்க்கப்படும். குழப்பமான அந்த மார்கழியின் சில வாரங்கள் அவர் நினைவில் இல்லை.

இந்தப் பிரதியை வாசித்துவிட்டு அவர் இரண்டு எழுத்துப்பிழைகளையும் ஒரு தேதியையும் திருத்தினார். நோட்டை வைத்து நான் கார்த்திகை என்று குறித்திருந்ததைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஐப்பசி என்று எழுதினார். அந்த ஆண்டு தீபாவளிக்குத் துணி எடுக்கப் பணம் எடுக்கப்போனபோது, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்களாம். மூன்று முறை போட்டும் ஒத்துவரவில்லை. வெட்கமாக இருந்ததால் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கூடப் போயிருந்த பெரியப்பா மட்டும் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உன் கையெழுத்தே இல்லையே. தீபாவளி கழியட்டும், டாக்டரைப் பாப்போம்" என்றாராம். நோட்டு சொன்னதை மேலே அப்படியே விட்டுவிட்டு, நோய் தொடங்கிய காலத்தை இங்கே அவ்வாறே திருத்துகிறேன்.